இமாட்டினிப் உருவான வரலாறு

இமாட்டினிப் என்பது நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் மாத்திரை மருந்தாகும். புற்றுநோயைத் தூண்டும் ஒரு நொதியைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்ட சிறு மூலக்கூறு மருந்துகளுக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

நோயின் காரணம்

1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் அங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதே இதற்குக் காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்த மாற்றத்தால் இரு மரபணுக்கள் இணைந்து 'பிசிஆர்-ஏபிஎல்' என்னும் கைனேசு நொதி உருவாகிறது. அது ஓய்வின்றிச் செயல்பட்டு வெள்ளையணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கிறது.

வடிவமைப்பு

கைனேசுகள் ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைப் பெற்றுப் பிற புரதங்களில் சேர்ப்பவை. மனித உடலில் இவை ஐந்நூறுக்கும் மேல் உள்ளன. ஏடிபி பொருந்தும் குழி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றை மட்டும் தடுக்க இயலாது எனப் பலர் எண்ணினர்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா-கெய்கி நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கோலசு லைடன், அலெக்சு மேட்டர் குழுவினர் இதற்கு முயன்றனர். அவர்களின் தொடக்கச் சேர்மம், புரதக் கைனேசு-சி என்னும் வேறொரு நொதியையே தடுத்தது. வேதியியலாளர் யூர்க் சிம்மர்மான் அதைப் படிப்படியாக மாற்றினார். பிரிடின் வளையம் சேர்த்ததும் செல்களுக்குள் செயல்திறன் கூடியது. பென்சமைடு தொகுதி, பிசிஆர்-ஏபிஎல் வகை நொதிகளைத் தடுக்கும் ஆற்றலைத் தந்தது. ஒரேயொரு மெத்தில் தொகுதியால் புரதக் கைனேசு-சி மீதான விளைவு மறைந்தது. மெத்தில்பைபரசின் தொகுதி, மருந்தை நீரில் கரையவும் வாய்வழி உட்கொள்ளவும் ஏற்றதாக்கியது.

இம்மருந்து குறிப்பிட்ட நொதிகளை மட்டும் தடுப்பதன் காரணம் 2000-இல் ஜான் குரியன் குழுவினர் வெளியிட்ட படிக அமைப்பால் விளங்கியது. நொதி செயல்படாத நிலையில் இருக்கும்போது இமாட்டினிப் அதனுடன் பிணைகிறது; கைனேசுகளின் வடிவம் அந்நிலையில்தான் அதிகம் வேறுபடுகிறது.

பயன்பாடும் எதிர்ப்பும்

பிரையன் டிரக்கரின் முனைப்பால் 1998-இல் மனிதச் சோதனை தொடங்கியது. இன்டர்ஃபெரான் சிகிச்சை பலனளிக்காதவர்களில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அதே ஆண்டில் சார்லசு சாயர்சு குழுவினர் மருந்தெதிர்ப்பின் காரணத்தைக் கண்டறிந்தனர். நொதியின் 315-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக ஐசோலியூசின் வந்தால், மருந்து பிணைய முடிவதில்லை. இந்தத் தடையைத் தாண்டுமாறு, மூலக்கூறின் நடுவே முப்பிணைப்புடன் வடிவமைக்கப்பட்ட பொனாட்டினிப் 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.