மூலமும் போலியும்: போர்க்கால ஜீப் வண்டி பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய சான்றோர், மூலபாடம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிவதிற் பெரிதும் உழைத்தனர். செப்பேடுகளுள்ளும் போலி உண்டென்பதைக் கல்வெட்டறிஞர் எழுத்தமைதி கொண்டு காட்டினர். இம்முறை ஓலைக்கும் செம்புக்கும் மட்டுமன்றி, இருபதாம் நூற்றாண்டின் இரும்புக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் வண்டிகளைத் தேடிச் சேர்ப்போரிடையே எழும் 'மூலமா, போலியா' என்னும் வினாவே அதற்குத் தக்க சான்று.

இவ்வினா நமக்கு அயலானதன்று. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்த்த பிரித்தானிய விமானங்கள் இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த ஓடுபாதையிலிருந்தும் எழுந்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. கோட்டையிலிருந்து இரத்மலானை செல்லும் காலி வீதி நம் வெள்ளவத்தையூடாகவே செல்கின்றது. போர் முடிந்தபின் படையினர் கழித்த ஜீப்புகளுட் சில தனியார் கைக்கும் தோட்டங்களுக்கும் சென்று நெடுங்காலம் உழைத்தன.

ஜீப்பின் முதல் வடிவத்தை 1940இல் அமெரிக்காவின் பாண்டம் நிறுவனம் சமைத்தது. பின்னர் பெருந்தொகையாகச் செய்தவை வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்களே. போர் முடியுமுன் அவை செய்தவை ஏறக்குறைய 640,000. ஒரே வரைபடத்தின்படி அமைந்தமையால் ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். எனினும் வேறுபாடு உண்டு. வில்லிஸ் வண்டியின் அடிச்சட்டத்து முன்குறுக்குத் தண்டு உருண்டையான குழாய். போர்ட் வண்டியில் அது கவிழ்த்த பகர வடிவினது. போர்ட் நிறுவனத்தார் தம் திருகாணிகளின் தலையிலும் 'எஃப்' எழுத்தைப் பொறித்தனர். வில்லிஸ் 1945இல் குடிமக்களுக்கெனச் செய்த வண்டியின் முகப்பில் ஏழு துளைகள் உள. போர்க்கால வண்டியின் தகட்டு முகப்பில் ஒன்பது. அறிஞர்க்கு இவையே எழுத்தமைதி.

மயக்கம் தருவன பல. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தின்கீழ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. அவை உரிமையுள்ள வழித்தோன்றல்களேயாயினும், பச்சை வண்ணம் பூசி வெண்ணட்சத்திரம் தீட்டிய அளவிற் போர் கண்டனவாகா. பிலிப்பைன்சிற் புத்துடற்கூடுகள் செய்யப்படுகின்றன. பழையன போன்ற எண்தகடுகளும் விலைக்கு வருகின்றன. இவற்றை வாங்குதல் குற்றமன்று. வாங்கியதை மறைத்தலே குற்றம். 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்துக்காக உருசியத் தாங்கியின்மேல் செருமானிய 'டைகர்' உருவத்தை அமைத்தனர். அது தன்னை மூலமென்று கூறாமையின் எவரையும் ஏமாற்றிற்றில்லை. 1943இல் துனீசியாவிற் கைப்பற்றிய மெய்யான 'டைகர்' இங்கிலாந்தின் பொவிங்டன் நூதனசாலையில் உள்ளது. படிக்கும் மூலத்துக்கும் தனித்தனி இடம் உண்டு.

இனி, இவ்வாராய்ச்சியின் நுண்ணிய பகுதி யாதெனின், கலப்பு அனைத்தும் போலியன்று என்பதாம். போர்க்களத்துப் பட்டறையிற் பழுதுற்ற வில்லிஸ் வண்டிக்குப் போர்ட் உறுப்பைப் பூட்டினர். உறுப்புகள் ஒத்தமைந்ததன் நோக்கமே அதுதான். தோட்டத்திற் கிடந்த வண்டிக்கு, உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையிற் கிடைத்ததைப் பூட்டியிருத்தலும் இயல்பே. இம்மாற்றங்கள் அவ்வண்டியின் வாழ்க்கை வரலாறு. தூய்மையை விரும்பும் சேகரிப்போர் அவற்றைக் கழற்றி எறிந்து, தொழிற்சாலையினின்றும் நேற்று வந்தது போலாக்குகின்றனர். அப்போது போலி சேர்த்தார் அல்லர். ஆயினும் சான்றை அழித்தனர். சுவடியின் ஓரத்திற் பழம்புலவர் எழுதிய குறிப்பைச் சுரண்டியெடுப்பதை இது ஒக்கும்.

ஆதலின் சேகரிப்போர்க்கு வேண்டுவன இரண்டு. எவ்வுறுப்பு எப்போது மாற்றப்பட்டதென ஏட்டிற் குறித்தல் ஒன்று; கழற்றிய பழைய உறுப்பைப் பேணுதல் மற்றொன்று. போரைக் கண்டோர் அருகிவிட்ட இந்நாளில், சாட்சி கூற எஞ்சியிருப்பன பெரும்பாலும் இத்தகைய பொருள்களே. பேசாப் பொருளின் வாயிற் பொய்யைப் புகட்டாதிருத்தல், வரலாறு கற்கும் மாணவர்க்கும் கற்பிக்கும் எம்போலியர்க்கும் முதற்கடனாகும்.