ஒரு தோட்டா, இரு துப்பாக்கிகள்

திரைப்படங்களில் நாம் காணும் கௌபாய் குதிரைமீது விரைந்தபடியே ஓயாது சுடுகிறான். அவனுடைய தோட்டாக்கள் தீர்வதே இல்லை. அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் உண்மையாக வாழ்ந்த மாடு மேய்ப்பவனுக்கோ அதுவே பெருங்கவலை. 1867 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டெக்ஸாஸ் மந்தைகள் வடக்கே கான்ஸாஸ் புகைவண்டி நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. மாதக்கணக்கான அப்பயணத்தில் கடையைக் காண்பது அரிது. ஆகவே அவன் எந்தத் துப்பாக்கியை வாங்கினான் என்பதைவிட, எந்தத் தோட்டாவை வாங்கினான் என்று கேட்பதே வரலாற்று மாணவருக்குப் பயன் தரும்.

ஸாமுவேல் கோல்ட் என்பவர் 1836இல் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் ஒவ்வோர் அறையிலும் மருந்து இட்டு, ஈயக்குண்டை அழுத்தி, பின்புறம் கேப்பைப் பொருத்த வேண்டும். மழையில், ஓடும் குதிரைமேல் இதைச் செய்வது எங்ஙனம்? மருந்து, குண்டு, கேப்பு மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கிய உலோகத் தோட்டா வந்தபின்னரே இத்தொல்லை நீங்கியது. அதனால் பெரும்பொருள் ஈட்டியவர்களுள் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர். அவர் முதலில் சட்டை தைத்து விற்கும் தொழில் நடத்தியவர் என்பது வியப்புக்குரியது!

அவருடைய நிறுவனம் 1873இல் வெளியிட்ட நெம்புகோல் ரைபிளுக்கென அமைந்ததே 44-40 என்னும் தோட்டா. முதல் எண் குண்டின் பெயரளவிலான குறுக்களவு, அங்குலத்தில் நூற்றில் 44 பங்கு. இரண்டாவது எண் கருமருந்தின் எடை, 40 கிரெயின்; அதாவது ஏறத்தாழ இரண்டரை கிராம். அதே 1873இல் அமெரிக்கப் படை கோல்ட் நிறுவனத்தின் புதிய சுழல் துப்பாக்கியை ஏற்றது. ஆனால் அதற்குரியது 45 என்ற வேறு தோட்டா. அதன் அடிவிளிம்பு மிகக் குறுகியது. ரைபிளின் கொக்கி அதைப் பற்றி இழுப்பது கடினம். இரண்டையும் வைத்திருப்பவன் இடைவாரில் இருவகைத் தோட்டாக்களைச் சுமக்க நேர்ந்தது. இருளிலும் பதற்றத்திலும் கை தவறான ஒன்றை எடுத்துவிட்டால் என்னாவது? அந்த 1870களின் இறுதியில் கோல்ட் நிறுவனமே 44-40 தோட்டாவுக்கு ஏற்ற சுழல் துப்பாக்கியை விற்கத் தொடங்கியது. ஒரே தோட்டா, இரு துப்பாக்கிகள்! காட்டெருமை வேட்டைக்காரரின் பெரிய ரைபிளுக்கு இருந்த வலிமை இதற்கில்லை. எனினும் தனிவழிப் பயணிக்கு வலிமையைவிட வசதியே பெரிதாகத் தோன்றியது. அந்த 1873 ரைபிள் 7 இலட்சத்துக்கும் மேலாக விற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

குண்டின் வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ரைபிளில் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பின்னுள்ளதன் முனை முன்னுள்ளதன் கேப்பில் அழுந்தும். முனை கூராக இருந்தால் ஓர் அதிர்ச்சியே வெடிக்கச் செய்துவிடும். எனவே தட்டையான முனையே பாதுகாப்பு. சுழல் துப்பாக்கியிலும் ஓர் ஆபத்து இருந்தது. தமிழில் நாம் ‘குதிரை’ என்று வழங்கும் சுத்தி, நேரே கேப்பின்மேல் தங்கும். அறிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்றறைமீது குதிரையை இறக்கி வைத்தார்கள்.

எல்லோரும் எங்கும் துப்பாக்கியுடன் திரிந்தனர் என்பதும் திரைப்படம் தந்த எண்ணமே. அரிஸோனாவின் டூம்ஸ்டோன் நகரம் 1881இல் ஊருக்குள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் நிகழ்ந்த புகழ்பெற்ற மோதல், சிலருடைய ஆயுதங்களைப் பறிக்க ஊர்க்காவலர் சென்றபோது மூண்டது.

இப்பழைய துப்பாக்கிகளைக் கொண்டு இன்று ஒரு விளையாட்டே நடைபெறுகிறது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தோன்றிய இதற்கு 1987இல் ஒரு சங்கமும் அமைந்தது. போட்டியிடுவோர் அக்காலத்து உடை அணிந்து, புனைபெயர் சூடி, இரும்புத் தகடுகளைச் சுடுகின்றனர். இரண்டு சுழல் துப்பாக்கிகள், ஒரு ரைபிள், ரவை சுடும் ஒரு துப்பாக்கி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். இவை பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரிகளாகவோ அவற்றின் படிகளாகவோ இருத்தல் வேண்டும். ஐந்தே அறைகளை நிரப்பும் பழைய வழக்கம் இங்கே விதியாகிவிட்டது.

தோட்டாவைத் தேர்வதில்தான் காலம் மாறியிருக்கிறது. பலர் விரும்புவது 44-40 அன்று. அதைவிடச் சிறிய 38. அதன் உதைப்பும் குறைவு, செலவும் குறைவு. ஆயினும் ரைபிளுக்கும் சுழல் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்ற பழைய கணக்கைப் பலர் விடவில்லை. குண்டு உறையில்லாத வெறும் ஈயமாக இருத்தல் வேண்டும். சுழல் துப்பாக்கியில் அதன் வேகம் நொடிக்கு 1,000 அடியைத் தாண்டலாகாது. கடினமான உறையுள்ள குண்டின் சிதறல் அருகிலுள்ள தகட்டில் பட்டுச் சுட்டவரையே தாக்கக்கூடும்.

மருந்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. புகையற்ற மருந்தை 1884இல் பிரான்ஸில் பால் வியேய் உருவாக்கினார். 1873இல் செய்த இரும்பு அதன் அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டதன்று. தவறான அளவில் இட்டால் துப்பாக்கியே வெடித்துக் கையைப் பறிக்கும். ஆகவே உண்மையான பழந்துப்பாக்கி வைத்திருப்போர் பலர் கருமருந்தையே நாடுகின்றனர். முதற் குண்டு பாய்ந்ததும் வெண்புகை எழுந்து தகட்டை மறைக்கிறது. காற்று அடிக்கும்வரை அவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.