தம் நூலைத் தாமே எரித்த வரலாற்றாசிரியர்



நம் முன்னோர் எழுதிவைத்த சுவடிகளுள் கறையான் அரித்தவை பல. ஆற்றுப்பெருக்கில் விட்டவையும் அடுப்பில் இட்டவையும் எண்ணில. அவ்விழப்பை நினைந்து இன்றும் வருந்துகின்ற நமக்கு, ஆசிரியர் ஒருவர் தாம் பத்தாண்டு உழைத்து எழுதிய நூலைத் தாமே தீயில் இட்டார் என்று யாரேனும் சொன்னால், செவி அதனை ஏற்க மறுக்கும். எனக்கும் முதலில் மறுத்தது. செய்தவர் வரலாற்றுப் பேராசிரியர் என்று அறிந்தபோது சினமே மூண்டது. காரணத்தை அறிந்தபின் அச்சினம் வேறு இடத்துக்குத் திரும்பியது.

அவர் பெயர் பால் லாங்மோர். 1946ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கர். 1953இல், ஏழாம் வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றியது. அந்நோய்க்குத் தடுப்பு மருந்து 1955இல்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டு இடைவெளி! கைகள் பயனற்றுப் போயின, முதுகெலும்பு வளைந்தது, மூச்சுக்கும் கருவியின் துணை வேண்டியதாயிற்று. ஆயினும் வரலாறு கற்றார். 1984இல் முனைவர் பட்டமும் பெற்றார். வாயில் ஒரு பேனாவைக் கவ்விக்கொண்டு, அதனால் எழுத்துப்பொறியின் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தம் நாட்டு மக்கள் தலைவனிடம் எவ்வெப் பண்புகளை எதிர்பார்த்தனரோ, அவற்றின் உருவாகவே வாஷிங்டன் தம்மைக் கருத்தோடு அமைத்துக்கொண்டார் என்பது அதன் கருத்து. 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது.

இங்கேதான் இடர் தொடங்கியது. லாங்மோர் உயிர் வாழ்வதற்குச் சுவாசக்கருவி வேண்டும்; குளிப்பாட்டவும் உடுத்தவும் உணவூட்டவும் ஆட்கள் வேண்டும். ஆசிரியர் ஊதியம் இச்செலவைத் தாங்காது. ஆகவே அரசின் உதவியைப் பெற்றுவந்தார். உழைத்துப் பெறும் ஊதியத்துக்கு ஓரளவு இடந்தந்த அன்றைய விதி, நூலாசிரியர் பெறும் உரிமைத்தொகையை ‘உழைத்துப் பெறாத வருமானம்’ என்று வகுத்தது. வாயால் பத்தாண்டு எழுதியது உழைப்பன்றாம்! அத்தொகையை ஏற்றால் உதவி நிற்கும். உதவி நின்றால் மூச்சு நிற்கும். நூல் விற்பனையாவதே ஆசிரியருக்கு ஆபத்தாய் முடிந்தது. விதியை வகுத்தோர் கொடியவர் அல்லர். உடற்குறையுடையவன் உழைக்கமாட்டான் என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள், அவ்வெண்ணமே சட்டமாயிற்று.

1988ஆம் ஆண்டு அக்டோபரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அரசாங்க அலுவலகக் கட்டடத்தின் முன், நண்பர்கள் சூழ நின்று, தம் நூலின் படி ஒன்றை அவர் எரித்தார். அதனைக் களிப்போடு செய்யவில்லை; அந்நேரத்தில் தம் உள்ளம் பட்ட வேதனையைப் பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். உரிமைத்தொகையை உழைப்பின் ஊதியமாகவே கருதவேண்டும் என்று விதி பின்னர்த் திருத்தப்பட்டது. அதனை ‘லாங்மோர் திருத்தம்’ என்றே அழைத்தனர்.

அந்நெருப்பினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தம்போன்றோர் வரலாற்று நூல்களில் ஏன் காணப்படவில்லை என்று லாங்மோர் கேட்டார். ராண்டால்ப் போர்ன் என்ற எழுத்தாளர் முகமும் முதுகும் கோணியவராய் வாழ்ந்து 1918இல் இறந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றை 1985இல் மதிப்பிட்ட லாங்மோர், போர்ன் பட்ட இடர்களுக்கு உடல் மட்டும் காரணமன்று, சமுதாயம் அவரை ஒதுக்கியதும் காரணம் என்று காட்டினார். டேவிட் கோல்ட்பெர்கருடன் சேர்ந்து 2000இல் எழுதிய கட்டுரையில், மறந்துபோன ஒரு கிளர்ச்சியை மீட்டுத் தந்தார். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க்கின் நிவாரண அலுவலகத்தில் இளைஞர் அறுவர் சென்று அமர்ந்தார்கள். உடற்குறையுடையோருக்கு அரசுப் பணித் திட்டங்களில் வேலை மறுக்கப்பட்ட காலம் அது. அவர்கள் கேட்டது பிச்சையன்று, வேலை. ஒன்பது நாள் அங்கேயே இருந்தனர். இத்தகைய செய்தி அறுபத்தைந்து ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது என்றால், வரலாறு எழுதுவோராகிய எங்களுக்கு அது பெருமை தருவதன்று.

1992 முதல் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்; 1996இல் அங்கே இத்துறைக்கென ஒரு நிறுவனம் அமைய முன்னின்றார். அது இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோயுற்ற குழந்தைகளைத் தொலைக்காட்சியில் மணிக்கணக்காகக் காட்டி இரக்கத்தைக் காசாக்கிய ‘டெலத்தான்’ நிகழ்ச்சிகளைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதிவந்தார். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் மறைந்தபோது அது அச்சேறவில்லை. கேதரின் குட்லிக் என்ற வரலாற்றுப் பேராசிரியை அதனைச் செப்பனிட்டுத் தர, 2016இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்டது.