தரை முடியிற இடம்

ஜிம் தரையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்காதீங்க. ஹட்டன் டவுனிலும் அதைச் சுற்றியும் இப்ப சின்னச் சின்ன ஜிம்கள் வந்திருக்கு. கடை மாடியில ஒன்று, தோட்டத்துப் பழைய மண்டபத்துல இன்னொன்று. அநேகமா எல்லாத்திலயும் ஒரே காட்சிதான்: நடுவில கறுப்பு இறப்பர் பாய், ஒரு மூலையில பாரம் தூக்கப் பலகை மேடை, மிச்சமெல்லாம் பழைய சீமெந்து. இந்த மூன்றும் சந்திக்கிற கோட்டிலதான் ஆள் தடுக்கி விழுறது, தண்ணி இறங்குறது, பாய் சுருண்டு எழும்புறது எல்லாம் நடக்கும். தரை நடுவில கெடுறது குறைவு. ஓரத்தில இருந்துதான் கெட ஆரம்பிக்கும். அந்த ஓரத்தை எங்க ஒழுங்கா முடிச்சாங்க, எங்க முடிக்காமலே விட்டாங்க என்று தேடிப் போனா, கதை நேரா நம்ம லயத்து வாசலுக்கு வந்து நிற்குது.

முதல்ல மரம். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது ஒரு உள்ளரங்கப் பயிற்சிக்கூடத்தில். ஆறு வருஷம் கழித்து, 1897இல், மேப்பிள் பலகைத் தரை செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைச்சாங்க. மரம் ஈரம் குடித்தா அகலும், காய்ந்தா சுருங்கும். அதனால பலகைத் தரையைச் சுவரோடு முட்டவிடக் கூடாது. சுற்றிவர ஒன்றரை, இரண்டு அங்குலம் விட்டு, அந்த இடைவெளியை மேலே ஒரு சட்டத்தால் மூடணும். சட்டத்துக்கு ஆணி சுவரில மட்டும்தான். தரையில அறைஞ்சீங்கன்னா பலகை நகர வழியில்லாம நடுவில பொம்மிக்கும். ரயில்காரங்களுக்கும் இந்த விஷயம் தெரியும். 1884இல் றொசல்லயைத் தாண்டி ஹட்டன் வரை பாதை போட்டப்ப, வெயிலுக்கு இரும்பு நீளும் என்று தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில இடம் விட்டுத்தான் பூட்டினாங்க.

அடுத்தது இறப்பர். பிலடெல்பியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னெஸ் 1894இல் ஒன்றோடொன்று கோத்துப் போடுற இறப்பர் ஓட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பல்லுப் பல்லா விற்கிற ஜிம் பாய்க்கு அது பாட்டன் மாதிரி. அந்தக் காலத்து இறப்பர்ப் பால் பெரும்பாலும் காட்டு மரத்துப் பால்தான். ஆனா அதற்கு முன்னமே, 1876இல், ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடயில் நட்டாச்சு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால் வெட்டினவங்க, உறைய வைத்துத் தகடா உருட்டினவங்க, புகையூட்டினவங்க என்று பார்த்தா அங்கேயும் நம்ம சனம் நிறைய. இப்ப ஜிம்மில போடுறது பழைய டயரை அரைத்து ஒட்டின பாய். அதுக்குள்ள எந்தத் தோட்டத்துப் பால் கலந்திருக்கோ!

இனி நம்ம மலைக்கு வருவோம். தேயிலை ஸ்டோருக்குள்ள, அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறம் மாற விடுகிற இடத்தைப் பாருங்க. அந்தக் காலத்திலிருந்தே வழவழப்பான சீமெந்து, இல்லாட்டி ஓடு. வெடிப்பு இருக்கக் கூடாது, பொருத்துல பள்ளம் இருக்கக் கூடாது, வேலை முடிஞ்சதும் கழுவிவிடணும். நேற்றைய சாறு ஒரு இடுக்கில தங்கினா இன்றைய தேயிலை கெட்டுப்போகும், விலை விழும். ஆக, ஓரத்தை முடிக்கிற கலை தோட்டத்துக்குத் தெரியாத ஒன்றா இருக்கவில்ல.

அதே தோட்டத்தின் லயத்தில பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு மண் தரை போதும் என்று விட்டாங்க. சாணி போட்டு மெழுகுறது பொம்பளைங்க வேலை. சுவரும் தரையும் சேருற மூலையில பூச்சு ஏதும் கிடையாது, ஈரம் அங்க இருந்துதான் ஏறும். பல லயங்களில் தகரக் கூரையின் தண்ணி விழுற கோடும் இஸ்தோப்பு முடியிற கோடும் ஒன்றாவே இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் விளிம்பு கொஞ்சம் கரைஞ்சு கானுக்குள்ள போகும். வட்டவளை, றொசல்லப் பக்கத்து மழையைத் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

இதை வெறும் அழகு விஷயமா நினைக்காதீங்க. கொக்கிப்புழு அசுத்தமான ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாத்தான் உடம்புக்குள்ள ஏறும். 1916இல் றொக்ஃபெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிரா இயக்கம் தொடங்கினது. மருந்து கொடுத்தா புழு போகும். மலசலகூடம் போதாத லயத்துக்குத் திரும்பி, அதே மண்ணை மிதிச்சா மறுபடி வரும். மாத்திரைக்குச் செலவழிக்கிறது எவ்வளவு லேசு, மண்ணையும் கானையும் ஒழுங்காக்கச் செலவழிக்கிறது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த இயக்கம் நல்லாவே காட்டுச்சு.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போச்சு. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்கு வந்துச்சு. தரையைச் சீமெந்தாக்கினது பெரும்பாலும் குடியிருந்தவங்களேதான். கொழும்புக் கடையில வேலை செய்த மகன் அனுப்பின காசு, மத்திய கிழக்குக்குப் போன அம்மாவோட காசு, சேமலாப நிதிக் காசு. காம்பராவுக்கு உறுதி இல்ல, ஆனா தரை மட்டும் சொந்தக் காசில. அதனால ஒரே லயத்தில நடந்து பார்த்தா, ஒரு வீட்டில டைல்ஸ், பக்கத்தில சிவப்புச் சீமெந்து, அதுக்கடுத்து பழைய சாந்து என்று மாறி மாறி வரும். உயரமும் ஒன்றுபோல இருக்காது. இஸ்தோப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினவர் வீட்டுத் தண்ணி உயர்த்தாதவர் வீட்டுப் பக்கம் ஓடும். எத்தனை சண்டைக்கு இந்த இரண்டு அங்குலம் காரணம்! அந்தப் பொருத்தைச் சரிபண்ண வேண்டியது யார்? உள்ளே இருக்கிறது உங்க வேலை என்று கம்பனி விட்டிடும், வெளியே இருக்கிறது கம்பனி வேலை என்று சனம் விட்டிடும்.

இந்தக் கேள்வி தெரிஞ்ச நம்ம பொடியங்க ஒரு மண்டபத்தை ஜிம்மாக்கும்போது ஓரத்தை அரைகுறையா விடக் கூடாது என்றதுதான் என் கட்சி. அந்த மண்டபத்துக்குத்தான் மருந்து கிளினிக்குக்குப் பாட்டிகளும் வருவாங்க, கூட்டத்துக்குக் கம்பு ஊன்றின தாத்தாவும் வருவார். 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சட்டம் போட்ட அமெரிக்காவில், தரை மாறுற இடத்தில கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர் வரைதான் நேர்ப் படியா விடலாம். அதுக்கு மேல அரை அங்குலம் வரை சரிவாச் சீவணும். அதையும் தாண்டினா சாய்தளம். நம்ம நாட்டிலும் 2006இல் அணுகு வசதிக்கான ஒழுங்குவிதிகள் வந்திருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 20 மில்லிமீற்றர் இறப்பர் ஓட்டுக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 240 மில்லிமீற்றர் அகலச் சாய்வு வேணும். ஓட்டுக்குப் பக்கத்தில 8 மில்லிமீற்றர் பாய் வந்தா, பாய்க்குக் கீழே 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போட்டா இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்திடும். அந்தப் பொருத்துக்குச் சாய்வே தேவைப்படாது. பாயை விரித்து ஒரு நாள் கிடக்கவிட்டு அப்புறம் வெட்டுங்க, சுருண்ட இறப்பர் நேராக நேரம் எடுக்கும். பசை பூச முன்னாடி சீமெந்தில ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில வியர்த்திருந்தா பசை பிடிக்காது. பழைய வினைல் விரிப்புக்கு மேல இறப்பர் போடாதீங்க, கழுவினாலும் போகாத பழுப்புக் கறை ஏறும். அலுமினியப் பட்டி போடுறதா இருந்தா ஆணித் தலை பட்டிக்கு மேல நீட்டக் கூடாது.

வாசலில மட்டும் இறப்பரை நிலைப்படி வரைக்கும் கொண்டுபோக வேண்டாம். இரண்டடி முன்னாலேயே நிறுத்தி, சாய்வுப் பட்டியோட முடிச்சு, மிச்ச இடத்தில தும்புக் கால்மிதி போடுங்க. சப்பாத்தோட வர்ற மழைத்தண்ணி இறப்பருக்கு அடியில போனா லேசில காயாது. ஜூன், ஜூலையில கிழமைக்கு ஒரு தடவை ஓரத்தைத் தூக்கிப் பாருங்க.