நிறுத்த முடியாத துருத்தி

கனடாவில் இருக்கும் பேரன் போன வாரம் போனில் ஒரு விஷயம் சொன்னான். அங்கே வீட்டைச் சூடாக்கக் கீழ்த்தளத்தில் ஓர் உலை இருக்கிறது. அதிலிருந்து சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் காற்றாடி, உலை அணைந்த பிறகும் இரவெல்லாம் ஓடியதாம். சுவரில் உள்ள சுவிட்ச் 'ஆட்டோ'வில்தான் இருந்ததாம். மெக்கானிக் வந்து, சூடு தணிந்ததும் காற்றாடியை நிறுத்த வேண்டிய உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடித்து மாற்றினாராம்.

அவன் சொன்னதும் எனக்கு நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் ஓடிய ஓர் உலை நினைவுக்கு வந்தது. அதன் காற்றை நிறுத்தவே முடியாது.

அதற்கு முன்னால் நம் ஊர் உலையைச் சொல்ல வேண்டும். சேலம், தென்னாற்காடு பக்கங்களில் இரும்பு உருக்கியவர்களின் உலை, ஓர் ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை. மரக்கரியும் கழுவிய இரும்புமணலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். காற்றுக்கு இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள். ஒன்றை அமுக்கும்போது மற்றது காற்றை வாங்கிக்கொள்ளும். அதனால் காற்று இடையில் அறாது. அறுந்தால் கசடு இறுகிக் குழல் வாய் அடைத்துவிடும். சில மணி நேரத்தில் இரும்புக் கட்டி திரண்டதும் துருத்தியை நிறுத்திவிட்டு, உலையின் முன்பக்கத்தை உடைத்துக் கட்டியை வெளியே இழுத்து அடிப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று தெரிவதும் தொழிலில் பாதி.

கும்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலம் பக்கத்திலிருந்து கனிமம் வந்தது. உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

அவருடைய ஊதுலை இரவு பகல் ஓட வேண்டியது. காற்றை நிறுத்தி உலை ஆறினால் உள்ளே இருப்பதெல்லாம் பாறையாக இறுகிவிடும். ஆகவே துருத்தி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஓடக் கரி வந்துகொண்டே இருக்க வேண்டும். அன்று நம் பக்கம் நிலக்கரி கிடைக்கவில்லை, மரக்கரிதான். பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரத்திலிருந்து வந்தது, வண்டிக்கூலி ஏறியது. அரசாங்கம் கடன் கொடுத்தும் ஆலை நிமிரவில்லை. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் புது முதல் வந்தது. அதுவும் 1870-களுக்குள் முடிந்துபோயிற்று. நிர்வாகக் குறைகளும் இருந்தன என்றாலும், கரிச் செலவு பெரிய காரணம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் துருத்திக்குப் பெயர் 'சூஃப்ளே'. கன்னத்தில் விடும் அறைக்கும் அதே சொல்தான். சீமையின் பெரிய துருத்திகள் நம் சிறு உலைகளுக்கு விட்டதும் ஓர் அறைதான். அங்கே நிலக்கரியில் மலிவாக உருக்கிய இரும்பு கப்பலில் வந்து நம் சந்தைகளில் இறங்கியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின், ஒதுக்குக் காட்டில் கரிக்கு மரம் வெட்ட அனுமதி வேண்டியதாயிற்று. காட்டைக் காக்க வந்த சட்டம், காட்டில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு பிழைத்தவனையும் தடுத்தது. வேலை முடிந்தால் துருத்தியை நிறுத்தத் தெரிந்தவனின் உலை இப்படித்தான் நிரந்தரமாக அணைந்தது.

கல்வராயன் மலை இருக்கிறது, சேலத்துக் கஞ்சமலையில் கனிமமும் இருக்கிறது. அதை உருக்கும் கைதான் இல்லை. இன்று நம் பட்டறைகளில் மின்சார ஊதியை ஓடவிட்டு, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிக்கிறார்கள். அரிவாள் நல்ல அரிவாள்தான். இரும்பு மட்டும் எங்கோ உருக்கியது.