ஜைத்தூன் நகரில் நம் கரையின் சுவடுகள்

நம் குடும்பங்களில் பலர் பள்ளி விடுமுறையில் சீனாவுக்குச் சுற்றுலா சென்று வருகிறார்கள். பெருஞ்சுவரையும் பெய்ஜிங் அரண்மனையையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஊர் ஒன்று உண்டு. ஃபூஜியான் மாநிலக் கடற்கரையில் உள்ள சுவான்சோ. நம் அண்டை வீட்டு ஹொக்கியன் சீனர்கள் பலருக்கு அதுவே பூர்வீகச் சீமை. நமக்கும் அங்கே பழைய உறவு இருக்கிறது.

அரபிகள் அவ்வூரை ஜைத்தூன் என்றழைத்தார்கள். ஆனால் அங்கே ஜைத்தூன் மரமே இல்லை என்று இப்னு பதூதா எழுதினார். ஊரில் நிறைந்திருந்த 'சித்தோங்' மரத்தின் பெயரே அப்படித் திரிந்தது என்பர். அது நம் பாட்டிமார் இருமலுக்கு அடை சுட்டுத் தரும் முள்முருங்கைதான். மதுரை சுல்தானிடம் தங்கிச் சென்ற இப்னு பதூதா, 1340-களில் அத்துறைமுகத்தைக் கண்டு வியந்தார்.

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது சிங்ஜிங் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400-ல், அதாவது 1009-10-ல் எழுந்தது என்று அதன் அரபுக் கல்வெட்டு கூறுகிறது. பழைய தொழுகைக் கூடத்துக்கு இன்று கூரையில்லை. கல் சுவர்களும் வாயில் வளைவும் நிற்கின்றன. ஊருக்குக் கிழக்கே லிங்ஷான் குன்றில் இரண்டு அடக்கத்தலங்கள் உள்ளன. அங்கே உறங்குவோர் நபித்தோழர்கள் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்வது. நம் பக்கத்து மலாக்காவுக்கு வந்த அட்மிரல் செங் ஹோ, 1417-ல் கடற்பயணத்துக்கு முன் இங்கே ஜியாரத் செய்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது.

அடுத்தது கையுவான் பௌத்தக் கோயில். அதன் இரட்டைக் கற்கோபுரங்களைக் காணவே பலர் வருகிறார்கள். பிரதான மண்டபத்தின் பின்புறம் போனால் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்களைக் காணலாம். தமிழ் வணிகர்கள் கட்டிய கோயிலிலிருந்து வந்த கற்கள் அவை. அவ்வூரில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, 1281 சித்திரையில், குப்லாய் கானின் நலனுக்காகச் சிவன் கோயில் எழுப்பியதைப் பதிவு செய்கிறது.

அதே கரையிலிருந்து முஸ்லிம்களும் போனார்கள். மஅபர் என்று அரபிகள் சொன்ன நம் தமிழகக் கரையில் அமைச்சராக இருந்த அபூ அலீ, 1291-ல் குப்லாய் கானிடம் சென்றார். 1299-ல் மறைந்தபின் சுவான்சோவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய முன்னோர் அரபுக் கரையிலிருந்து மஅபரில் வந்து குடியேறியவர்கள்.

அவ்வளவு பேர் வாழ்ந்த ஊரில் தமிழ் என்ன ஆயிற்று? 1357 முதல் 1366 வரை அங்கே பெருங்கலகம் நடந்தது. அயலார் பலர் மாண்டார்கள், மற்றவர்கள் சிதறினார்கள். அவர்களுடைய வழிபாட்டிடங்களின் கற்களும் மீஸான் கற்களும் பிற்காலத்தில் மதில் கட்டப் பயன்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடிச் சேர்த்து, 1957-ல் நூலாக வெளியிட்டார். இன்று அந்நகரின் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் பல கற்களைப் பார்க்கலாம். 1974-ல் அகழ்ந்தெடுத்த சோங் காலக் கப்பலும், அதில் வந்த மிளகும் பாக்கும் பற்றிய செய்திகளும் அங்கே கிடைக்கும். 2021-ல் யுனெஸ்கோ சுவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் பொன்விழா மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் வரலாறு ரப்பர் மரத்தடியில் தொடங்கியது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் தோட்டப்புறங்களில் பால் வெட்டியவர்களுக்கும் கடை வைத்தவர்களுக்கும் பின்னால் எழுநூறு ஆண்டுக் கடல்வழி இருக்கிறது. அதே சமயம், எழுதி வைக்காத சமுதாயத்தின் கதியையும் அவ்வூர் காட்டுகிறது. நம் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. லயம், சூராவ், மையவாடி இருந்த இடங்களை அறிந்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய படங்கள், கடவுச்சீட்டுகள், கப்பல் சீட்டுகள், மீஸான் கல்லில் உள்ள பெயர்களும் ஆண்டுகளும் எவையாயினும் சங்கத்துக்குப் பிரதி கொடுங்கள். முடிந்தவர்கள் பிள்ளைகளோடு சுவான்சோ சென்று அந்தத் தமிழ்க் கரையின் கற்களைப் பார்த்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலரில் நம் தோட்டங்களின் வரலாறும் இடம்பெறட்டும்.