குப்பிக்குள் இருந்த பச்சை

பென்சில்வேனியா ரயில்ரோடு என்னும் அமெரிக்க நிறுவனத்தின் எஞ்சின்களுக்கென்று ஒரு பச்சை இருந்தது. பிரன்ஸ்விக் பச்சை என்பர் ரசிகர்கள். பச்சை என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். நிழலில் நின்றால் கறுப்பென்றே சத்தியம் செய்யலாம். 1934 முதல் 1943 வரை கட்டப்பட்ட 139 ஜிஜி1 மின் எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த நிறத்தை அணிந்தே ஓடின. அதன்மேல் ஐந்து மெல்லிய கோடுகளை இழுத்து அழகுபடுத்தியவர் ரேமண்ட் லோவி. 1968-இல் நிறுவனம் தன் பழம்பகையான நியூயார்க் சென்ட்ரலுடன் இணைந்து பென் சென்ட்ரல் ஆயிற்று. எஞ்சின்களுக்குக் கறுப்பு பூசத் தொடங்கினர். 1970-இல் பென் சென்ட்ரலும் திவாலானது.

அதன்பின் அந்தப் பச்சை வாழ்ந்த இடங்களுள் ஒன்று, மாதிரி ரயில் செய்வோரின் மேசை. ஃப்ளோக்வில் என்ற பெயின்ட் சிறு கண்ணாடிக் குப்பிகளில் வந்தது. மறைந்துபோன பல ரயில் நிறுவனங்களின் நிறங்கள் அதில் பெயரோடு கிடைத்தன. காற்றழுத்தத்தால் பெயின்ட்டைப் பனிபோல் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு அது வெகு பொருத்தம்: நுண்ணிய நிறமி, விரைந்து காயும் கரைப்பான், ஆணித்தலைகளைக்கூட மூடிவிடாத மெல்லிய படலம். பித்தளைக்கும் மரத்துக்கும் உகந்த அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால், முதலில் ஒரு தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டது. நெடி வேறு. 2013-இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் ஃப்ளோக்விலையும், நீரில் கரையும் அதன் உறவான பாலி ஸ்கேலையும் நிறுத்திவிட்டது.

மாற்றுத் தேடல் தொடங்கியது. ஜப்பானின் தாமியா அக்ரிலிக், ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்தால் அடங்கி ஒடுங்கித் தூவப்படும். ஆனால் அதன் நிறவரிசை டாங்கிகளையும் போர்விமானங்களையும் மனத்தில் வைத்தது. ஸ்பெயினின் வாயேஹோவில் தூரிகைக்கு ஒரு வரிசை, ஏர்பிரஷ்ஷுக்கு ஒரு வரிசை. முன்னதை எடுத்து ஆல்கஹால் ஊற்றினால் தயிராய்த் திரியும். அதற்குரிய தின்னரே வேண்டும், ஊசிமுனையில் காய்ந்து அடைக்காதிருக்கக் காய்தலைத் தாமதிக்கும் திரவமும் சில துளி வேண்டும். எனாமல் பிடிவாதமற்றது, காயத்தான் ஓரிரவு கேட்கும்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் தீர்பவை. தீராதது வேறொன்று. எந்தப் பச்சைக்கு மாற்றுத் தேடுகிறோம்? புகைப்படச் சுருள்களின் நிறம் வயதோடு திரிகிறது. ஓடிய எஞ்சின்களில் தூசும் எண்ணெயும் படிந்திருந்தன. பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் 4935-ஆம் எண் ஜிஜி1 கூட 1977-இல் மறுபடி பூசப்பட்டதே. பழைய குப்பி இருந்தவரை இந்தக் கேள்வி எழுந்தபோதெல்லாம் லேபிளைக் காட்டி வாயடைக்க முடிந்தது. குப்பி போனபின்தான், அது சாட்சி அல்ல, ஓர் உடன்படிக்கை மட்டுமே என்பது நமக்கு உறைத்தது. நிறுத்தப்பட்ட குப்பிகளைப் பெருவிலை கொடுத்துச் சேர்ப்போர் அந்த உடன்படிக்கையைத்தான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறோம்.

மேலும், 87-இல் ஒரு பங்காய்ச் சுருங்கிய பொருளில் அசல் நிறத்தை அப்படியே பூசினால் அது அசலைவிட இருண்டு தெரியும்; சற்றே வெளுக்க வேண்டும். எவ்வளவு என்பதில் இருவர் ஒத்துப்போனதில்லை. நாம் தாமியாவின் கறுப்பில் பச்சையைத் துளித்துளியாகக் கூட்டி, பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் தூவி, ரயில் ஓடப்போகும் அறையின் விளக்கொளியிலேயே வைத்துப் பார்க்கிறோம். பச்சை என்று யாரேனும் சந்தேகத்துடன் கேட்கும் கரண்டியே நம் தேர்வு.